வண்டி மாறலாம், காகிதம் மாறக் கூடாது

வெளிநாட்டில் குடும்பத்தோடு காரோட்டிச் சுற்ற நினைக்கும் இந்தியர்களுக்கு நியூசிலாந்தின் தெற்குத் தீவைவிடத் தோதான இடம் அதிகம் இல்லை. அங்கும் வண்டிகள் இடப் பக்கமே ஓடுகின்றன, ஸ்டியரிங் வலப் பக்கமே இருக்கிறது, ஆங்கிலத்தில் அச்சிட்ட நம் ஊர் லைசென்ஸ் செல்லும். கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி டெக்காபோ ஏரி வழியாகக் குயின்ஸ்டவுனுக்குப் போகும் பாதை ஏறத்தாழ 480 கிலோமீட்டர். விடுதி, படகுச் சவாரி, திரும்பும் விமானம் என்று எல்லாவற்றையும் நாள்வாரியாகக் கோத்துவைத்த பிறகு, அத்தனையும் விமான நிலையத்தின் ஒரு கவுன்ட்டரில் போய் நிற்கிறது. ஏழு பேர் வண்டிக்குப் பதிவு செய்தவர்களிடம் ஐந்து பேர் வண்டியைக் காட்டுகிறார்கள். பெட்ரோல் வண்டி கேட்டவர்களுக்கு மின்சார வண்டி வருகிறது. அல்லது ‘உங்கள் பெயரில் பதிவே இல்லையே’ என்று பதில் வருகிறது. அந்த இடத்தில் குடும்பத் தலைவர்கள் பெரும்பாலும் வண்டிக்காகச் சண்டை பிடிக்கிறார்கள், காகிதத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். நடக்க வேண்டியது தலைகீழாக என்பதே என் வாதம். வண்டி மாறிவிட்டது என்பதற்காகப் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால், கொடுத்த வண்டிக்கும் கையில் உள்ள ஒப்பந்தத்துக்கும் ஒரு எழுத்துகூட முரண் இருக்கும்வரை சாவியைத் திருகக் கூடாது.

முதலில், பதிவு செய்தது எந்தப் பொருளை என்று பார்க்கலாம். வாடகைக் கார் இணையதளத்தில் ஒரு வண்டியின் படம் இருக்கும், கீழே சின்ன எழுத்தில் ‘அல்லது அதுபோன்ற வண்டி’ என்று இருக்கும். படம் அலங்காரம், சின்ன எழுத்துதான் ஒப்பந்தம். உலகெங்கும் இந்தத் தொழிலில் அக்ரிஸ் என்கிற நான்கெழுத்துக் குறியீடு புழங்குகிறது. முதல் எழுத்து வண்டியின் அளவு, இரண்டாவது அதன் உடல் வகை, மூன்றாவது கியர், நான்காவது எரிபொருளும் ஏ.சி.யும். மூன்றாவது எழுத்து ‘எம்’ என்றால் கியர் வண்டி, ‘ஏ’ என்றால் ஆட்டோமேட்டிக். வாடிக்கையாளர் வாங்கியது இந்த நான்கு எழுத்துகளை மட்டுமே. ரயிலில் மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புக்கு டிக்கெட் எடுத்தவருக்குக் கீழ்ப்படுக்கை உறுதியில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் காரில் மட்டும் படத்தில் பார்த்த வெள்ளை நிற டொயோட்டாவே வந்து நிற்கும் என்று எப்படியோ நம்பிவிடுகிறோம். ஆகவே கவுன்ட்டரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நான்கு எழுத்துகளில் எது மாறியிருக்கிறது என்பது. எதுவும் மாறவில்லை என்றால் குளறுபடியே நடக்கவில்லை. அளவு மட்டும் ஒரு படி குறைந்திருந்தால் அது பணக் கணக்கு. கியரோ எரிபொருளோ மாறியிருந்தால்தான் பயணத் திட்டத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டிய நிலை.

இந்தக் குளறுபடி ஏன் இவ்வளவு சகஜம் என்பதற்குக் காரணம் உண்டு. விமான டிக்கெட்டுக்கு முழுப் பணத்தையும் முன்பே கட்டுகிறோம். வாடகைக் காரில் பெரும்பாலான பதிவுகளுக்கு முன்பணம் கிடையாது. வராமல் போனாலும் அபராதம் இல்லை. பதிவு செய்தவர்களில் ஒரு பகுதியினர் வரமாட்டார்கள் என்று நிறுவனங்கள் கணக்குப் போட்டு, இருக்கிற வண்டிகளைவிடக் கூடுதலாகப் பதிவு வாங்குகின்றன. அதோடு, இன்று காலை நமக்கு வர வேண்டிய வண்டி நேற்றிரவுவரை இன்னொருவர் கையில் இருந்தது. அவர் தாமதமாகத் திரும்பினால், கண்ணாடியில் கல் பட்டிருந்தால், வேறு ஊரில் விட்டுவிட்டுப் போயிருந்தால் நம் வண்டி காலி. கொரோனா காலத்தில் இது எந்த அளவுக்குப் போனது என்று உலகமே பார்த்தது. 2020 மே மாதத்தில் ஹெர்ட்ஸ் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. பல நிறுவனங்கள் வண்டிகளைக் கூட்டம் கூட்டமாக விற்றன. மறு ஆண்டு சுற்றுலா மீண்டபோது சிப் தட்டுப்பாட்டால் புதிய வண்டி வாங்கவும் முடியவில்லை. ஹவாய்த் தீவுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் வீட்டுச் சாமான் ஏற்றும் லாரிகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். கவுன்ட்டரில் நிற்கும் இளைஞரோ இளம்பெண்ணோ இந்தக் கணக்குகள் எதையும் போட்டவரல்ல. அவரிடம் குரலை உயர்த்தினால் கொட்டகையில் இல்லாத வண்டி முளைத்துவிடாது.

எல்லாப் பழியையும் நிறுவனத்தின் மேல் போடவும் முடியாது. தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே உண்டு, நம் பெயர். முருகேசன் என்பவர் லைசென்ஸில் ‘முருகேசன் எஸ்’, கிரெடிட் கார்டில் ‘எஸ் முருகேசன்’, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரான சுப்பையா. மகள் முருகேசனின் பெயரில் பதிவு செய்திருப்பாள்; கவுன்ட்டரில் சுப்பையாவைத் தேடுவார்கள். மனைவியின் குடும்பப் பெயர் வேறாக இருக்கும், ஏனென்றால் அது அவருடைய அப்பா பெயர். வண்டியெடுப்பவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்பது இந்தத் தொழிலில் ஏறக்குறைய எங்கும் உள்ள நிபந்தனை. பல இடங்களில் டெபாசிட்டுக்கு டெபிட் கார்டையும் வெளிநாட்டுச் செலாவணி கார்டையும் ஏற்பதில்லை. கார்டு மகன் பெயரில், லைசென்ஸ் அப்பா பெயரில் என்று நிற்கும் குடும்பத்துக்கு எந்த நிறுவனமும் வண்டி தராது, தராததைக் குற்றம் சொல்லவும் முடியாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி நியூசிலாந்தில் கட்டாயமில்லை என்றாலும், புறப்படும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் எழுதி அதை வாங்கிவைத்துக்கொண்டால் இந்தப் பெயர்க் குழப்பத்தில் பாதி தீரும். அடுத்தது தேதி. சென்னையிலிருந்து 12ஆம் தேதி இரவு கிளம்பி, சிங்கப்பூரில் பகலைக் கழித்து, மாலை விமானம் பிடிப்பவர் கிறைஸ்ட்சர்ச்சில் இறங்குவது 14ஆம் தேதி காலை. வண்டியை 13ஆம் தேதிக்குப் பதிந்துவிட்டால், ‘வராதவர்’ என்று அந்தப் பதிவு முதல் நாளே ரத்தாகியிருக்கும். (இட்லிப் பொடியையும் ஊறுகாயையும் சுங்கப் படிவத்தில் சொல்லாமல் கொண்டுபோய், 400 நியூசிலாந்து டாலர் அபராதம் கட்டிவிட்டுக் கவுன்ட்டருக்குத் தாமதமாக வருவது தனிக் கதை.)

இனி காகிதம். ஒப்பந்தத்தில் அச்சாகியிருக்கும் வண்டி எண்ணும் நிறுத்துமிடத்தில் நிற்கும் வண்டியின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்ப்பது அரை நிமிட வேலை. குளறுபடி நடந்த நாளில்தான் அது பிசகும். முதலில் ஒரு வண்டிக்கு ஒப்பந்தம் அச்சடித்து, அது சரியில்லை என்றதும் வேறு சாவியைக் கையில் கொடுத்து, ‘நான் கம்ப்யூட்டரில் மாற்றிவிடுகிறேன், நீங்கள் கிளம்புங்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள். கம்ப்யூட்டரில் மாறவில்லை என்றால் என்ன ஆகும்? அமெரிக்காவில் இதற்குப் பதில் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. முறையாக வாடகைக்கு எடுத்த வண்டியைத் திருடியதாகப் பொய்ப் புகார் கொடுத்துத் தங்களைப் போலீஸில் சிக்கவைத்தார்கள் என்று வாடிக்கையாளர்கள் தொடுத்த 364 கோரிக்கைகளை, ஹெர்ட்ஸ் நிறுவனம் 2022 டிசம்பரில் ஏறத்தாழ 16.8 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. எல்லா வழக்குக்கும் காரணம் ஒன்றல்ல. ஆனாலும் நிறுவனத்தின் பதிவேடும் சாலையில் ஓடும் வண்டியும் ஒத்துப்போகாத இடத்தில் மாட்டிக்கொள்வது ஓட்டுபவர்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சின்ன வண்டியால் வரும் சிரமம் முழங்கால் வலியோடு போய்விடும்.

காப்பீடும் இதே கதைதான். நியூசிலாந்தில் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை. நம் ஊரில் அது இல்லாத வண்டி சாலைக்கே வரக் கூடாது என்று பழகிய நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். விபத்தில் உடம்புக்கு அடிபட்டால் அந்நாட்டின் விபத்து இழப்பீட்டுத் திட்டம் சுற்றுலாப் பயணிகளுக்கும் சிகிச்சைச் செலவில் உதவுகிறது. யார் மேல் தவறு என்று கேட்பதில்லை. வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு அந்தத் திட்டம் பொறுப்பல்ல. அது முழுக்க வாடகை ஒப்பந்தத்தின் பாடு. மாற்று வண்டி பெரியதாகவோ விலை உயர்ந்ததாகவோ இருந்தால், சேதம் நேர்ந்தால் நாம் கட்ட வேண்டிய தொகை கூடியிருக்கலாம். கூடுதல் ஓட்டுநராக மகனின் பெயரைப் பழைய ஒப்பந்தத்தில் சேர்த்தது புதியதில் விட்டுப்போயிருக்கலாம். பெயர் இல்லாத மகன் ஓட்டும்போது இடித்தால் காப்பீடு கைகொடுக்காது. போகக் கூடாத சாலைகள் என்று ஒரு பட்டியலும் ஒப்பந்தத்தில் இருக்கும். குயின்ஸ்டவுனுக்குப் பக்கத்தில் மலைச்சரிவைச் செதுக்கிப் போட்ட ஸ்கிப்பர்ஸ் சாலையில் ஓட்டினால், பெரும்பாலான நிறுவனங்களின் காப்பீடு அந்த நிமிடமே செல்லாது. ‘எனக்குப் பெரிய நான்கு சக்கர இழுவை வண்டி கொடுத்துவிட்டார்கள், அதனால் போகலாம்’ என்று நினைப்பவர்கள், வண்டி மாறினாலும் அந்தப் பட்டியல் அப்படியே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எரிபொருள் மாற்றத்தை நான் காகித வகையிலேயே சேர்ப்பேன், ஏனென்றால் அது திட்டம் எழுதிய காகிதத்தையே மாற்றுகிறது. பெட்ரோலுக்குப் பதில் டீசல் வந்தால், பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டியுள்ள சீட்டைப் படிக்காமல் குழாயைச் செருகக் கூடாது. தவறான எரிபொருள் போட்டதால் வரும் பழுதைக் காப்பீடுகள் பொதுவாக ஏற்பதில்லை. தவிர, அந்நாட்டில் டீசல் வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் சாலைக் கட்டணம் உண்டு. 2024 ஏப்ரலிலிருந்து மின்சார வண்டிகளுக்கும் அது வந்துவிட்டது. அதை யார் கட்டுவது என்று கையெழுத்துக்கு முன் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. மின்சார வண்டி கொடுத்தால் எங்கே, எவ்வளவு நேரம் சார்ஜ் ஏற்றுவது என்று நாள் திட்டத்தையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். அதற்கு நேரமில்லாத குடும்பம் மறுக்கலாம். மறுப்பது நியாயம்.

எந்த வண்டி கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு கிளம்பு என்கிறேனா? இல்லை. இரண்டு இடங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒன்று, ஆளுக்கொரு பெல்ட். தாத்தா, பாட்டி, இரண்டு குழந்தைகள் என்று ஆறு பேர் வந்திருக்கும்போது ஐந்து பேர் வண்டியைக் கொடுத்தால், ‘சின்னதை மடியில் வைத்துக்கொள்ளலாம்’ என்று நம்மூர்ப் பழக்கத்தில் யோசனை ஓடும். அங்கே ஏழு வயது நிறையாத குழந்தை அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்பது சட்டம். இந்தியாவிலும் 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ வேண்டும் என்கிறது. அதை நாம் எப்படிப் பின்பற்றுகிறோம் என்பதை ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பார்த்துக்கொள்ளலாம். பதிவு செய்த குழந்தை இருக்கை வந்து சேரும்வரை அந்தக் குடும்பம் கவுன்ட்டரிலேயே உட்கார்ந்திருப்பது சரி. ஆட்கள் அதிகமென்றால் இரண்டு சின்ன வண்டிகளாகக் கேட்கலாம், இரண்டு லைசென்ஸ்கள் இருக்குமானால். இன்னொன்று, ஓட்டுபவருக்குக் கைவராத கியர். ஆட்டோமேட்டிக்கிலேயே பழகியவர் கியர் வண்டியை அறிமுகமில்லாத மலைப்பாதையில் கற்றுக்கொள்ளக் கூடாது. பெட்டிகளுக்கு இடமில்லை என்பது இந்த வரிசையில் வராது. உண்மையில், ஏழு பேர் வண்டியில் கடைசி வரிசையை நிமிர்த்தினால் டிக்கியில் இரண்டு சின்னப் பெட்டிகளுக்கு மேல் கொள்ளாது. கேட்ட வண்டியே கிடைத்திருந்தாலும் ஆறு பெரிய பெட்டிகள் ஏறியிருக்கப் போவதில்லை.

நான் சொல்வதை எதிர்ப்பவர்கள் வைக்கும் வலுவான வாதம் இதுதான்: கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகப் போகத்தான் நிறுவனங்கள் துளிர்விடுகின்றன, நின்று கேட்டால்தான் திருந்தும். நியாயமான கோபம், ஆனால் இடம் தவறு. கவுன்ட்டரில் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியவர் எழுத்தில் எதையும் வாங்காமல் போனால், நிறுவனத்தின் பதிவேட்டில் அவர் மகிழ்ச்சியோடு வண்டி எடுத்துப் போனவர்தான். மாறாக, கிடைத்த வண்டியின் வகையையும் அதற்குரிய வாடகையையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி, பதிவு செய்த வகை இல்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி வாங்கிக்கொண்டவருக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. நியூசிலாந்தின் 1993ஆம் ஆண்டு நுகர்வோர் உறுதிமொழிச் சட்டம் வாடகைக்கு விடும் பொருள்களுக்கும் பொருந்தும். சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது. சாதாரண நுகர்வோரிடம் ‘இந்தச் சட்டம் செல்லாது’ என்று எழுதி வாங்க நிறுவனங்களுக்கு உரிமை இல்லை. வழக்கறிஞர் வைக்காமலே பேசித் தீர்க்கும் பூசல் தீர்ப்பாயமும் அங்கே உண்டு. கிரெடிட் கார்டு வழியாகக் கட்டியிருந்தால் வங்கியிடமும் தகராறு எழுப்பலாம். இவை எல்லாவற்றுக்கும் வேண்டியது அந்த ஒரு வரிக் காகிதம். வீடியோ எடுத்து ஊருக்குக் காட்டுவது இதில் சேராது.

‘வண்டியை மாற்றித் தந்தால் அந்தப் பயணமே வேறு’ என்று சொல்பவர்களுக்கு, அந்நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. வடக்குத் தீவின் வெலிங்டனுக்கும் தெற்குத் தீவின் பிக்டனுக்கும் இடையே கப்பல் மூன்றரை மணி நேரம் ஓடுகிறது. பல வாடகை நிறுவனங்கள் தங்கள் வண்டியைக் கப்பலில் ஏற்ற விடாமல், இந்தக் கரையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு அந்தக் கரையில் இன்னொன்றை வாங்கிக்கொள்ளச் சொல்கின்றன. இரண்டு தீவையும் சுற்றும் குடும்பம் நடுவழியில் வண்டி மாறுகிறது. யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. மாறும்போது செய்ய வேண்டிய வேலையும் அதேதான்: எண் சரியா, பெயர்கள் ஏறியிருக்கின்றனவா, குழந்தை இருக்கை இருக்கிறதா. ஜப்பானியத் தயாரிப்பென்றால் இண்டிகேட்டர் பெரும்பாலும் ஸ்டியரிங்கின் வலப் பக்கம், ஐரோப்பியத் தயாரிப்பென்றால் இடப் பக்கம். முதல் பத்து நிமிடம் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர் ஓடும், அவ்வளவுதான்.

‘கிளம்பு’ என்பதற்குக் குயின்ஸ்டவுன்வரை அன்றே போய்விடு என்று பொருள் கொள்ளக் கூடாது. இரவெல்லாம் விமானத்தில், அங்கே கோடைகாலமானால் ஏழரை மணி நேர வித்தியாசத்தைத் தாண்டி வந்தவர், கவுன்ட்டரில் இரண்டு மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு, அதை ஈடுகட்ட வேகம் பிடிப்பதுதான் குளறுபடியின் உண்மையான ஆபத்து. ஊர்களுக்கு வெளியே உச்சவேகம் பெரும்பாலும் 100. நடுவில் ஒற்றை வண்டி மட்டுமே போகும் பாலங்கள் வரும். யார் நின்று வழிவிட வேண்டும் என்பதைப் பலகையில் உள்ள அம்புகள் சொல்லும். சிறிய சிவப்பு அம்பு நம் பக்கம் என்றால் நாம்தான் நிற்க வேண்டும். 2014, 2015 வாக்கில் வெளிநாட்டு ஓட்டுநர்கள் மேல் அங்கே பெரும் சர்ச்சை கிளம்பியது. தாறுமாறாக ஓட்டிய சுற்றுலாப் பயணிகளின் சாவியை உள்ளூர்க்காரர்களே பிடுங்கிக்கொண்ட சம்பவங்கள் செய்தியாயின. அரசும் வந்துபோகும் ஓட்டுநர்களுக்கென்றே ஒரு பாதுகாப்புத் திட்டம் நடத்தியது. நேரம் போய்விட்டால் முதல் நாள் வழியில் உள்ள ஜெரால்டினோடு நிறுத்திக்கொள்ளலாம், கிறைஸ்ட்சர்ச்சிலேயே தங்கலாம். ஒரு விடுதி முன்பணம் போகும். போகட்டும்.

நிறுவனங்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. விமானத்தில் இருக்கையை அதிகமாக விற்று ஒருவரை ஏற்றாமல் விட்டால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதிப்படி தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோவரை இழப்பீடு தர வேண்டும். அமெரிக்காவிலும் அதற்கு விதி உண்டு. வாடகைக் காருக்கு இவற்றுக்கு இணையான நிர்ணயத் தொகை இருப்பதாகத் தெரியவில்லை. வாடிக்கையாளரும் சொல்லாமல் வராமல் இருக்கிறாரே, அவருக்கு அபராதம் இல்லாதபோது எங்களுக்கு ஏன் என்று நிறுவனங்கள் கேட்கும். முன்பணம் கட்டாத பதிவுக்கு அந்தக் கேள்வி நியாயமே. முழுப் பணத்தையும் மாதங்களுக்கு முன்பே கட்டி, குழந்தை இருக்கையையும் சேர்த்துப் பதிந்து, விமான எண்ணையும் கொடுத்து, நேரத்துக்கு வந்து நிற்பவரிடம் அதே கேள்வியைக் கேட்க முடியாது. இன்று கவுன்ட்டருக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரில் பல நேரம் இந்த இரண்டு பேரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். முன்பணம் கட்டியவருக்காவது இருக்கை எண்ணிக்கை, கியர், எரிபொருள் மூன்றும் உறுதி என்று பதிவுச் சீட்டிலேயே அச்சிட்டு, தவறினால் இவ்வளவு தருவோம் என்று தொகையையும் எழுதச் சொல்லி ஏதாவது ஒரு நாட்டின் நுகர்வோர் அமைப்பு உத்தரவு போடலாம். ‘அல்லது அதுபோன்ற வண்டி’ என்பதற்கு அப்போது ஒரு வரம்பு வரும்: நிறமும் கம்பெனியும் மாறலாம், ஆறு பேர் ஐந்து பேராகக் கூடாது.